மூன்றாவது வட்டின் வேலை

மறைந்த பாட்டி பேசும் வீட்டுப் படங்களைச் சேமிப்புப் பெட்டி ஒன்றில் வைத்து, வலைக்கம்பி வழியே தொலைக்காட்சியில் பார்க்கிறீர்கள் என்று கொள்வோம். பெட்டிக்குள் மூன்று காந்த வட்டுகள். ஒன்று பழுதானால் படம் போய்விடுமா?

படமும் குரலும் அங்கே 0, 1 என்னும் இலக்கங்களே. முதல் இரு வட்டுகளிலும் ஒரே இலக்கம் இருந்தால் மூன்றாவதில் 0. வேறு வேறாக இருந்தால் 1 எழுதப்படும். இரண்டாவது வட்டு கெட்டுவிட்டது. முதலாவதில் 1, மூன்றாவதிலும் 1. இழந்த இலக்கம் எது? முதலாவதிலிருந்து வேறுபட வேண்டுமல்லவா? ஆகவே 0! இத்தகைய முறைகளை 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வகைப்படுத்தினர்.

ஆனால் கைதவறிப் படத்தை அழித்துவிட்டால் இக்கணக்கு உதவாது. மூன்று வட்டுகளும் அந்த அழிப்பையே பின்பற்றும். எனவே, பாட்டியின் குரலுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.