பயோ-மேத்ஸ் முடிச்சாச்சு… ரெண்டையும் விடாம படிக்க டிகிரி இருக்கா?

பிளஸ் டூ முதல் குரூப்பை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் 'பயோ-மேத்ஸ்' என்று சொன்னால்தான் சட்டெனப் புரியும். இயற்பியல், வேதியியலோடு கணிதம், உயிரியல் இரண்டையும் மாங்கு மாங்கென்று படிக்க வேண்டும். ஆனால் ரிசல்ட் வந்ததும் இதில் ஒன்று வீணாகிவிடும். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியலுக்குப் பூஜ்யம். நீட் தேர்வில் 720-ல் சரிபாதி, அதாவது 360 மதிப்பெண் உயிரியலுக்கு. கணிதம் கணக்கிலேயே இல்லை.

"எனக்கு ரெண்டுமே பிடிக்குது" என்று ஒரு மாணவி சொன்னால், "முதல்ல ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணும்மா" என்பதுதான் வீட்டில் வரும் பதில். வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரிகளின் துறைப் பலகைகளும் அப்படித்தானே இருக்கின்றன?

இந்த ஊருக்கு எதுக்கு இது?

தோல் தொழில்தான் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுகிறது, பாலாற்றைக் கெடுத்ததும் அதுதான். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு (வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கு) இதைப் பதிவு செய்திருக்கிறது. டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் குறிப்பிடப்பட்டுள்ளது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை என்ற கணக்கும் அதிலேயே உண்டு.

அந்தக் கழிவுநீர் போகும் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் முக்கியமான வேலையைச் செய்வது பாக்டீரியா. தொட்டியில் இருக்கும் கழிவைத் தின்று அது பெருகும். எவ்வளவு தீனி இருந்தால் எவ்வளவு வேகத்தில் பெருகும் என்பதற்கு பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் மோனோ 1940-களில் ஒரு சமன்பாடு தந்தார். ஆனால் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பும் தொட்டிக்கு வந்து சேர்கிறது. உப்பு ஏறினால் பாக்டீரியா சோர்ந்துவிடும். பயாலஜி மட்டும் படித்தவருக்கு அது ஏன் சோர்கிறது என்று தெரியும். மேத்ஸ் மட்டும் படித்தவருக்குச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியும். உப்பு எந்த அளவைத் தாண்டினால் தொட்டி படுத்துவிடும் என்று சொல்ல இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆற்றுக்கும் இதே கதைதான். அழுக்கு கலந்த நதியில் ஆக்சிஜன் எப்படி இறங்கி ஏறுகிறது என்பதற்கு, அமெரிக்காவின் ஓஹியோ நதியை வைத்து 1925-ல் எழுதிய சூத்திரம் இன்னும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அது ஓடும் நதிக்கானது. பாலாறோ வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கிறது. தண்ணீர் போவது அடியில். சூத்திரத்தை அப்படியே காப்பியடித்தால் விடை தப்பு. இங்குள்ள ஆற்றுக்கு இங்கேயே கணக்குப் போட ஆள் தேவை.

தடுப்பூசிக்குள்ளும் கணக்கு

வேலூர் சி.எம்.சி. பங்கேற்ற ரோட்டாவேக் தடுப்பூசிச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலிச் சொட்டு. ஏன் இத்தனை பேர்? கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு 100 குழந்தைகளில் ஒரு சிலருக்கே வரும். சில நூறு குழந்தைகளோடு நிறுத்தினால், வித்தியாசம் தடுப்பூசியால் வந்ததா தற்செயலா என்று சொல்ல முடியாது. முதல் வருடத்தில் கடுமையான பாதிப்பு சுமார் 56% குறைந்ததாக 2014-ல் முடிவு வெளியானது. 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சேர்ந்தது.

புதுசா என்ன இது?

இல்லை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், அதோடு நிற்கவில்லை. கொசுவை முழுக்க ஒழிக்கத் தேவையில்லை, ஒரு வரம்புக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கிவிடும் என்று பின்னாளில் கணித ரீதியாகக் காட்டினார். மரபியலுக்குக் கணக்கு எழுதிய ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இந்தியா வந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 1960-ல் தொடங்கிய பி.ஸ்டாட். படிப்பில் புள்ளியியல் மாணவர்களுக்கு உயிரியலும் பாடமாக இருந்தது.

டிகிரியை எப்படிக் கட்டுவது?

மூணு கணிதத் தாள், மூணு உயிரியல் தாள், முடிந்தது என்று நினைத்தால் தப்பு. சீரகச் சம்பா சோறு தனியாக, கறி தனியாக சமைத்துத் தட்டில் கலந்தால் அதை ஆம்பூரில் யாரும் பிரியாணி என்று சொல்ல மாட்டார்கள். தம் போட வேண்டும். நிகழ்தகவை மெண்டலின் பட்டாணியில் தொடங்கலாம்: 5,474 உருண்டை விதை, 1,850 சுருங்கிய விதை, இது 3:1 தானா, சோதித்துப் பார். வகைக்கெழுச் சமன்பாட்டை அந்த சுத்திகரிப்புத் தொட்டியில் தொடங்கலாம்.

உண்மையான சிக்கல் பாடத்திட்டத்தில் இல்லை. ஒரே வகுப்பில் கணித ஆசிரியரும் உயிரியல் ஆசிரியரும் சேர்ந்து நின்றால், அந்த மணி நேரம் யாருடைய பணிக் கணக்கில் ஏறும்? இந்த அற்பக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், நல்ல திட்டமும் முதல் செமஸ்டரைத் தாண்டாது.

இப்போ எங்கே படிக்கலாம்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011-ல் தொடங்கிய 4 வருட பி.எஸ். படிப்பில், எந்தப் பாடத்தில் சிறப்புப் பெறப் போகிறவரும் ஆரம்பத்தில் கணிதமும் உயிரியலும் படித்தே ஆக வேண்டும். ஐசர் நிறுவனங்களின் 5 வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பும் இதே யோசனையில் உருவானதுதான். வேலூருக்குப் பக்கத்தில் திருப்பதியில் 2015-ல் ஒரு ஐசர் வந்துவிட்டது. காட்பாடியிலிருந்து ரயிலில் 100 கிலோமீட்டர் சொச்சம்தான்.

வேலை?

மருந்துச் சோதனைப் புள்ளியியல், மரபணுத் தரவு ஆய்வு, நோய்ப்பரவல் மாதிரிகள் எனப் பல வழிகள் உண்டு. ஆனால் இளநிலைப் பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது. முதுநிலை வரை கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சி.எம்.சி.யிலேயே எம்.எஸ்சி. உயிரிப் புள்ளியியல் இருக்கிறது.

அரசு வேலை, ஆசிரியர் வேலை என்று வீட்டில் கனவு இருந்தால் சேரும் முன்பே இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். புதுப் பெயரில் வரும் பட்டம் பி.எஸ்சி. கணிதத்துக்கோ விலங்கியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா? இல்லையென்றால் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நின்றுபோகலாம்.

ஐசர் நுழைவுத் தேர்வில் மொத்தம் 60 கேள்விகள்: இயற்பியல் 15, வேதியியல் 15, கணிதம் 15, உயிரியல் 15.