காசநோய் மருந்தும் கால் மதமதப்பும்

காசநோய்க்கு மருந்து உட்கொள்வோரில் சிலருக்கு இரு பாதங்களிலும் ஒருசேர மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, எரிச்சல் ஆகியவை தோன்றலாம். கவனிக்காமல் விட்டால் இவை மெல்ல மேலேறும்; நாளடைவில் பாதம் உணர்விழக்கவும் கூடும். கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோனியசிட் இதற்கு ஒரு காரணம். இன்று வழங்கப்படும் அளவில் இப்பாதிப்பு அரிதே. எனினும் இதற்கு அஞ்சிச் சிலர் சிகிச்சையையே கைவிடுகின்றனர். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும்.

நரம்புகளுக்கு இன்றியமையாத பைரிடாக்சின் எனும் பி6 வைட்டமினை ஐசோனியசிட் செயலிழக்கச் செய்து சிறுநீரில் வெளியேற்றுகிறது. இதற்கான தீர்வைச் சோதித்துக் காட்டியவற்றுள் சென்னை ஆய்வும் ஒன்று. 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் வேதிசிகிச்சை மையமே இன்று சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐசோனியசிட்டை அதிக அளவில் பெற்ற நோயாளிகளுக்கு நாள்தோறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் சேர்த்தளித்தால் நரம்புப் பாதிப்பைத் தடுக்கலாம் என அம்மையத்தின் ஆய்வு 1963இல் தெரிவித்தது.

ஐசோனியசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடலியல்பு சிலருக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கும். நம்மவரில் இத்தகையோர் குறைவல்லர். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, எச்.ஐ.வி. தொற்று, ஊட்டச்சத்துக் குறைவு, மதுப்பழக்கம் உடையோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடர் கூடுதல். எனவே இவர்களுக்குத் தொடக்கத்திலேயே பைரிடாக்சின் தேவையா என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கால் எரிச்சலைச் ‘சர்க்கரையால்தான்’ எனத் தாமே முடிவு செய்துவிடுவதுண்டு. அவர்களும் அதனைத் தெரிவித்தல் அவசியம்.

மதமதப்பு தோன்றினால் காசநோய் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வசிப்போர் தமக்கு மருந்து வழங்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே தெரிவிக்கலாம். தொடக்க நிலையில் பைரிடாக்சின் அளவை உயர்த்தினால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் மருந்துக்கடையில் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். இவ்வைட்டமின் நெடுங்காலம் மிகுதியாகச் சேர்ந்தால் அதுவே நரம்பைப் பாதிக்கும்.

பார்வை மங்குதல், சிவப்பு பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாமை ஆகியவை எத்தாம்பியூட்டால் என்ற மற்றொரு மருந்தின் விளைவாக இருக்கலாம். அடுத்த வேளை மருந்துக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். வலிப்போ மனக்குழப்பமோ ஏற்பட்டால் 108 ஊர்தியை அழைக்கவும். சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணையோ 1800-11-6666 என்ற காசநோய் கட்டணமில்லாத் தொலைபேசியையோ தொடர்பு கொள்ளலாம்.