ஓட்டும் சட்டமும் – 7: அப்பா ஜெயித்த நாற்காலி

1954 ஜூன் 18, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் சிட்டி என்ற ஊர். ஆல்பர்ட் பாட்டர்சன் என்ற அறுபது வயது வழக்கறிஞர் கைத்தடியை ஊன்றியபடி அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் குண்டடி பட்டவர். தடியில்லாமல் நடக்க முடியாது. சந்தில் நிறுத்தியிருந்த காரை நெருங்கியபோது மூன்று குண்டுகள். தள்ளாடியபடியே தெருவுக்கு வந்து நடைபாதையில் விழுந்து இறந்தார்.

பதினேழு நாட்களுக்கு முன், ஜூன் 1 அன்றுதான், மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் அவர் ஜெயித்திருந்தார். அன்றைய அலபாமாவில் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆகிவிட்டாலே பதவி கிடைத்த மாதிரிதான். நவம்பர் தேர்தல் ஒரு சடங்கு.

நம் ஊரில் இந்தப் பதவிக்கு இணையான அரசுத் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். அரசியல் சட்டத்தின் 165-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். அமெரிக்காவிலோ 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவர்னரின் தயவு அவருக்குத் தேவையில்லை. யார்மீது வழக்குப் போடுவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்று முடிவுசெய்வதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இதைவிட ஆபத்தான தேர்தல் பதவி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபீனிக்ஸ் சிட்டிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. சட்டஹூச்சி ஆற்றின் அக்கரையில் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரம்; அதையொட்டி ஃபோர்ட் பென்னிங் என்ற பெரிய ராணுவ முகாம். சம்பள நாளில் பாலம் கடந்து வரும் சிப்பாய்களுக்காகவே ஊர் இயங்கியது. ஈயம் ஏற்றிய பகடை, திருட்டுச் சாராயம், விபசார விடுதிகள். போலீஸுக்கு மாமூல். ஓட்டுச் சாவடியும் சூதாட்ட முதலாளிகள் கையில். பாட்டர்சனே ஒருகாலத்தில் அப்படியொரு முதலாளிக்காகக் கொலை வழக்கில் வாதாடியவர்தான். அந்தப் பக்கம் நின்று பார்த்தவர் என்பதால்தான் பிற்பாடு அத்தனை உறுதியாக எதிர்த்தார் என்று நினைக்கிறேன். ஊரைச் சுத்தப்படுத்தக் கிளம்பிய ஒருவரின் வீட்டை 1952-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாட்டர்சன் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அவர் தேர்தலில் நின்றார்.

மிகச் சொற்ப வித்தியாசத்தில்தான் வென்றார். பர்மிங்ஹாம் பகுதியில் எதிராளி போர்ட்டருக்கு ஓட்டு கூடியதுபோல் எண்ணிக்கைத் தாளையே திருத்தியிருந்தார்கள். அதை விசாரித்த கிராண்ட் ஜூரி முன் அடுத்த திங்கட்கிழமை பாட்டர்சன் சாட்சி சொல்லவிருந்தார். வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டார்கள்.

கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட மூவரைப் பாருங்கள்: ஷெரீப்பின் தலைமை உதவியாளர் ஆல்பர்ட் ஃபுல்லர், வட்டார அரசு வழக்கறிஞர் ஆர்ச் ஃபெரல், அப்போது பதவியில் இருந்த அட்டர்னி ஜெனரல் சை காரெட். ஃபுல்லருக்கு ஆயுள் தண்டனை. ஃபெரல் விடுதலை. மனநல மருத்துவமனையில் சேர்ந்த காரெட் கடைசிவரை விசாரிக்கப்படவே இல்லை. கவர்னர் ஊரை ராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார். தேசியக் காவல் படை போலீஸிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. சூதாட்ட மெஷின்கள் நொறுங்கின.

அப்பாவின் இடத்துக்கு மகன் ஜான் பாட்டர்சன் வந்தார். 1955 ஜனவரியில் அட்டர்னி ஜெனரலாகப் பதவியேற்றார். இந்தக் கதையைச் சொல்லும் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால் 1956 ஜூன் 1 அன்று, அப்பா ஜெயித்த நாளிலிருந்து சரியாக இரண்டாண்டு கழித்து, அதே பதவியின் அதிகாரத்தைக் கொண்டு ஜான் வேறொரு வழக்கை நடத்தினார். எதிரி சூதாடிகள் அல்ல. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-ல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கம். மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்த நேரம். வெளிமாநில அமைப்பு, முறையாகப் பதிவு செய்யவில்லை என்று காரணம் சொல்லி, அலபாமாவில் அது இயங்கவே நீதிமன்றத் தடை வாங்கினார். பிறகு உறுப்பினர் பட்டியலைக் கேட்டார். பெயர் வெளியே போனால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம். சங்கம் மறுத்தது. அபராதம் ஒரு லட்சம் டாலர்.

ஓட்டு வரியாலும் பதிவுத் தேர்வாலும் அலபாமாவின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் 1954-ல் வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தார்கள். அட்டர்னி ஜெனரல் ஓட்டுப் போடுபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவர் மீது எனக்கு இரக்கம் உண்டு. இந்த வழக்கை அதனால் மன்னிக்க முடியவில்லை. வெள்ளை வாக்காளர்கள் மன்னிப்பதற்கு எதுவும் இருப்பதாகவே நினைக்கவில்லை. 1958-ல் ஜார்ஜ் வாலஸைத் தோற்கடித்து ஜானைக் கவர்னர் வேட்பாளர் ஆக்கினார்கள்.

அதே 1958 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பட்டியலைத் தர வேண்டியதில்லை. அப்படியும் அலபாமா நீதிமன்றங்கள் இழுத்தடித்தன. வழக்கு மீண்டும் மீண்டும் வாஷிங்டன் போய்த் திரும்பியது. சங்கம் அலபாமாவில் மறுபடி கதவைத் திறந்தது 1964-ல். அந்த எட்டு வருடமும் சாதாரண உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் அரசின் கைக்குப் போகவே இல்லை.

(தொடரும்)