வெப்பம் எங்கே போகிறது?

பத்தாம் வகுப்பில் மின்னோட்டத்தின் வெப்ப விளைவைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மின்னோட்டத்தின் இருமடி, மின்தடை, காலம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் உண்டாகும் வெப்பம் கிடைக்கும் என்ற ஜூல் விதியை எழுதிப்போட்டு, மின் இஸ்திரிப் பெட்டி, ரொட்டி சுடும் அடுப்பு, பியூஸ் என எடுத்துக்காட்டுகளைச் சொல்லி, இரண்டு கணக்குகளைப் போட்டுக்காட்டி முடித்துவிடுவேன். அதில் ஒரு பெரிய குறை இருந்ததை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர்.

அவர் ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சி முடித்துவிட்டு, பெரிய கட்டடங்களில் குளிர்சாதனக் காற்றுக்குழாய் அமைக்கும் பணியில் இருக்கிறார். 'டக்ட்' என்று சொல்கிறோமே, அந்தத் தகரக் குழாய்தான். சென்ற ஆண்டு பள்ளிக்கு வந்தவரை வகுப்பில் பேசச் சொன்னேன். "டக்டுக்குள் ஹீட்டர் வைப்போம்" என்று அவர் சொன்னதுமே ஒரு மாணவி எழுந்தாள். "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குண்ணா?"

நல்ல கேள்வி. அறுவை அரங்கு, மருந்து தயாரிக்கும் கூடம் போன்ற இடங்களில் காற்றின் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் உள்ள டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, காற்றை நன்றாகக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி நீராகிப் பிரிந்துவிடும். ஆனால் அந்தக் காற்று அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கும். அதைத் தேவையான வெப்பநிலைக்குக் கொண்டுவரவே குழாய்க்குள் மின் சூடேற்றி வைக்கிறார்கள். மழைக்காலத்தில்தான் அதற்கு வேலை அதிகம்.

பிறகு அவர் தன் பணியில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு கட்டடத்தில் சூடேற்றி அடிக்கடி நின்றுபோனது. வடிகட்டியில் தூசி அடைத்துக் காற்று குறைந்ததால், காற்று ஓட்டச் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்து மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டிருந்தது. "அந்த ரெண்டு வயரையும் சேர்த்துக் கட்டிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர். இவரும் கட்டிவிட்டார். சில நாள் கழித்து, இரவில் மின்விசிறியின் பெல்ட் அறுந்தது. மோட்டார் சுற்றியது, விசிறி சுற்றவில்லை, சூடேற்றி எரிந்துகொண்டே இருந்தது. குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு நுரைப்பஞ்சு கருகி, நடைவழியெங்கும் புகை. இரவுப் பணியாளர் மெயின் சுவிட்சை நிறுத்தியதால் பெருந்தீ மூளவில்லை. அரங்கில் அப்போது யாருமில்லை.

"டீச்சர், வெப்பம் எவ்வளவு உண்டாகும்னு சொல்லிக் கொடுத்தீங்க. அது எங்கே போகும்னு நாம பார்க்கலையே" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அன்று கரும்பலகையில் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 1,200 ஜூல் தேவை. வினாடிக்கு ஒரு கன மீட்டர் காற்றை 10 டிகிரி உயர்த்த வினாடிக்கு 12,000 ஜூல், அதாவது 12 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பன்னிரண்டு! 415 வோல்ட் மும்முனை இணைப்பில் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஓடும்.

இப்போது காற்றைப் பாதியாகக் குறைத்தால்? வெப்பநிலை உயர்வு 20 டிகிரி. கால் பங்காக்கினால் 40. காற்றே இல்லையென்றால்? "சுழியால் வகுக்க முடியாது டீச்சர்" என்றான் ஒருவன். கணக்கு அங்கே நின்றுவிடும், வெப்பம் நிற்காது. கம்பி பழுக்கக் காய்ந்து, தன் வெப்பத்தைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் பஞ்சுக்கும் கொடுக்கத் தொடங்கும். குழாய்ச் சூடேற்றியின் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு நிலையைத் தடுக்கவே இருக்கின்றன. அவர் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது, காற்று ஓடினால்தான் சூடேற்றி இயங்க வேண்டும். விசிறி மோட்டாரின் சுவிட்சோடு இணைத்தால் மட்டும் போதாது. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுற்றும், அடைப்புத் தகடு மூடியிருந்தாலும் சுற்றும். ஆகவே காற்றையே நேரடியாக உணரும் சுவிட்ச் வேண்டும். சூடேற்றியின் மீது காற்று குறைந்தது வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்திலாவது செல்ல வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள்.

இரண்டாவது, மிகை வெப்பத் துண்டிப்பான்கள் இரண்டு வேண்டும். ஒன்று, ஆறியதும் தானாகவே மீண்டும் இணையும். மற்றொன்று அதைவிட அதிக வெப்பத்தில் துண்டித்து, ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை இணையாது. ஏன் தானாக இணையக் கூடாது? யாராவது வந்து காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இவை சூடேற்றிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மேற்சொன்ன கட்டடத்தில் துண்டிப்பான் இருந்தது, ஆனால் குழாயில் வெகு தொலைவில். காற்று நின்றதும் சூடு அங்கே போய்ச் சேரவே இல்லை.

மூன்றாவது, சூடேற்றியை நிறுத்திய பின்னும் விசிறி சில நிமிடங்கள் ஓட வேண்டும். கம்பியில் தேங்கிய வெப்பத்தைக் காற்று கொண்டுபோக வேண்டும் அல்லவா?

நான்காவது, வளைவு, வடிகட்டி, விசிறி ஆகியவற்றுக்கு மிக அருகில் பொருத்தக் கூடாது. குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்கு இடைவெளியாவது வேண்டும். வளைவை ஒட்டி இருந்தால் காற்று ஒருபுறமாகப் பாய்ந்து, மறுபுறக் கம்பி காற்றின்றிக் காயும். சுற்றியுள்ள காப்புப் பொருள் எரியாததாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, எர்த். விசிறிக்கும் குழாய்க்கும் இடையே அதிர்வு தாங்கக் கித்தான் துணி இணைப்பு வைப்பார்கள். துணி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அதைத் தாண்டிச் செம்புக் கம்பியால் இருபுறத்தையும் இணைக்க வேண்டும். உறையிட்ட சூடேற்றிகளில் நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் கிடப்பில் இருந்ததை மின்காப்புச் சோதனை செய்யாமல் இயக்கக் கூடாது.

இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். வகுப்பில் நாம் சூடேற்றியைத் தொடவே வேண்டாம். தத்துவத்தைக் காட்ட ஓர் எளிய சோதனை போதும். பழைய கணினி விசிறி ஒன்றை அட்டைக் குழாயின் ஒரு முனையில் பொருத்தி 9 வோல்ட் மின்கலத்தால் இயக்குங்கள். மறுமுனையில் மெல்லிய அலுமினியத் தாள் பட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள். காற்றில் அது சாய்ந்து தொடும் இடத்தில் இன்னொரு பட்டையை ஒட்டுங்கள். இரண்டையும் இரு பேனா மின்கலங்கள், 100 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி. ஆகியவற்றோடு தொடராக இணையுங்கள். எல்.இ.டி.தான் நம் சூடேற்றி. விசிறி ஓடினால் பட்டைகள் தொட்டு விளக்கு எரியும். இப்போது விசிறியின் காற்று நுழையும் பக்கத்தை ஓர் அட்டையால் மூடுங்கள். விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், விளக்கு அணைந்துவிடும். மாணவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். கடைசியில் இரு பட்டைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, அட்டையால் மூடச் சொல்லுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வகுப்பு அமைதியாகிவிடும்.

அன்று மாலை ஒரு மாணவி வந்து, "எங்க வீட்டுல பியூஸ் அடிக்கடி போகுதுன்னு அப்பா தடிமனான கம்பி போட்டு வச்சிருக்காரு. அதுவும் இந்த மாதிரிதானே டீச்சர்?" என்று கேட்டாள். ஆம் என்றேன். மறுநாள் மின்பணியாளரை வரவழைத்து எங்கள் பள்ளியின் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மூன்றில் ஒன்றில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி இருந்தது. அதைக் கழற்றி, சரியான கம்பி போட்டு, எந்த இணைப்பில் மிகைப்பளு ஏறுகிறது என்று தேடினோம். தலைமையாசிரியர் அறையின் ஒரே பிளக்கில் நான்கு கருவிகள்.

இப்போதெல்லாம் ஜூல் விதியை எழுதியதும் அதன் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: 'இந்த வெப்பம் எங்கே போகிறது? அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும்?' பாடநூல் கணக்கு ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் அதற்கும் விடை எழுதுகிறார்கள்.