என்ன படிக்கிறீர்கள்?

நண்பர் இருவர் சந்தித்தால் க்ஷேமம் விசாரித்துக்கொள்கிறார்கள். மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுகிறார்கள். தேர்தல் என்றாலோ பேச்சு முடிவதேயில்லை. ஆனால், இப்போது என்ன புத்தகம் படித்து வருகிறீர்கள், அதைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்பவரைக் காண்பது அரிது. படிப்பு என்பது பரீட்சையோடு தீர்ந்துபோகும் காரியம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. பரீட்சை முடிந்த பின்னரும் படிக்கிறவர்கள் இல்லாமலில்லை. அவர்களில் பெரும்பாலோர் படித்ததைத் தம் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறார்கள். இவ்வழக்கத்தால் தமிழுக்கு விளையும் நஷ்டம் சிறிதன்று என்பது நம் கருத்து.

நாம் இப்போது படித்துவரும் புத்தகமே இதற்குத் தக்க சான்று. அது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்'. 1940-ம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942 ஏப்ரலில் ஐயர் காலமானபோது முற்றுப்பெறாமல் நின்ற நூல் இது. 1950-ல் புத்தக வடிவம் பெற்றது. இதில் எத்தனையோ ரஸமான பகுதிகள் உண்டு. எனினும், இரண்டு பேர் உட்கார்ந்து, படித்த நூல்களைப் பற்றிப் பேசிய ஒரு சிறு நிகழ்ச்சிக்கு ஈடாக வேறெதையும் கூற நமக்குத் தோன்றவில்லை.

1880-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. ஐயருக்கு அப்போது வயது 25. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி ஏற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அவ்வூருக்கு முனிசீபாக மாற்றலாகி வந்திருந்தவர் சேலம் இராமசாமி முதலியார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் யோசனைப்படி ஐயர் அவரைப் பார்க்கச் சென்றார். யாரிடம் பாடம் கேட்டீர் என்பது முதலியாரின் கேள்வி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்றால், அக்காலத்தில் வித்துவான்கள் எழுந்து நின்று மரியாதை செய்வார்கள். முதலியாரோ அதைக் கேட்டுச் சிறிதும் வியப்படையவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர் என்று அடுத்தபடியாக வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள், இலக்கண நூல்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் முதலியாருக்குத் திருப்தி உண்டாகவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் விளைந்த பயன் என்ன என்று கேட்டுவிட்டார். பிற்கால நூல்களுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் பார்த்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதே அவர் அறிய விரும்பியது.

ஐயர் படித்ததில்லை. படிக்கச் சுவடியும் கிடைத்ததில்லை. பிறர் எவராயினும், ஒரு முனிசீபு தமிழ் வித்துவானைப் பரீட்சிப்பதாவது என்று முகம் சுளித்துப் போயிருப்பர். ஐயர் அவ்வாறு செய்யவில்லை. புத்தகம் கிடைத்தால் படித்துப் பொருள் காணலாம் என்று உறுதி கூறினார். முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியை அவரிடம் ஒப்படைத்தார். பிறகு முதலியார் வீட்டிலேயே இருவரும் சேர்ந்து படிக்கலாயினர். உரையில் காணப்பட்ட மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றே விளங்கவில்லை. ஜைன சமயக் கொள்கைகளும் புதியவையாயிருந்தன. ஐயர் கும்பகோணத்து ஜைனர்களிடம் சென்று சந்தேகம் தெளிந்தார். ஊர் ஊராக ஏடு தேடினார். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. அதனைத் தொடர்ந்து 1889-ல் பத்துப்பாட்டும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும், 1898-ல் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன. செல்லரித்துப் போய்க்கொண்டிருந்த ஏடுகள் தமிழ் மக்களின் பொதுச் சொத்தாயின. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு வாசகர் மனம் விட்டுக் கேட்ட ஒரு கேள்வி.

முதலியார் தமிழாசிரியரல்லர், நீதி உத்தியோகத்தில் இருந்தவர். பிற்பாடு, 1885-ல், இங்கிலாந்து தேசத்து வாக்காளர்களிடம் இந்தியாவின் குறைகளை எடுத்துரைக்கச் சென்ற மூவரில் சென்னை மாகாணத்தின் பிரதிநிதியாகச் சென்றவரும் அவரே. சீமை வரை சென்று தேசத்துக்காக வழக்காடிய அதே வாய்தான், கும்பகோணத்தில் தமிழுக்காகவும் பரிந்து பேசிற்று. புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது பண்டிதர்களின் தனியுரிமை அன்று என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

மணிமேகலையின் கதையும் இத்தன்மையதே. அந்நூல் எந்தச் சமயத்தைச் சார்ந்தது என்பதே ஐயருக்குப் புலப்படாதிருந்தது. கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியரிடம் தம் சங்கடத்தைச் சொன்னார். அதிலுள்ள சொற்களைக் கேட்ட ரங்காசாரியர், அது பௌத்த நூல் என்று கண்டு சொன்னதோடு நில்லாமல், பௌத்த மதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த நூல்களைப் படித்து விளக்கியும் உதவினார். ஐயர் தம் சந்தேகத்தை வெளியிடக் கூசியிருந்தால், அந்த இருள் இன்னும் எத்தனை காலம் நீடித்திருக்குமோ!

'என் சரித்திரம்' பற்றி நம்முடைய அபிப்பிராயம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். மகனுக்குத் தக்க ஆசிரியரைத் தேடித் தந்தையார் ஊர் ஊராக அலைந்த வரலாறும், பிள்ளையவர்களிடம் பாடம் கேட்ட நாட்களின் வர்ணனையும் தமிழ் வசனத்தில் நிலைத்து நிற்கத் தக்கவை. ஆடம்பரமில்லாத நடை, பிறரை இகழாத பண்பு. ஆயினும் குறைகளும் இல்லாமலில்லை. தொடராக எழுதப்பட்டபடியால், கூறியது கூறல் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. அக்குடும்பத்துப் பெண்மணிகள் அந்த வறுமையையும் இடைவிடாத ஊர்மாற்றத்தையும் எவ்வாறு தாங்கினர் என்பதை அறிய விரும்புவோருக்கு நூல் போதிய விடை தருவதில்லை. இவ்வாறு சொல்வதனால் ஐயரின் பெருமைக்கு அணுவளவும் பங்கம் நேராது.

இதை ஏன் வற்புறுத்துகிறோமெனில், நம் நாட்டில் புத்தகத்தைப் பற்றிய பேச்சு முகஸ்துதியாக மாறிவிடுவது பழைய நோய். அரங்கேற்றம் என்ற சிறந்த வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. நூலாசிரியன் சபை நடுவே தன் நூலை வாசித்துப் பொருள் கூறுவான், கற்றோர் தடை எழுப்புவர், அவன் விடையிறுப்பான். அதனோடு கூடவே சாற்றுகவி என்ற வழக்கமும் இருந்தது. நட்புக்காகவும் தாட்சண்யத்துக்காகவும் பாடப்பட்ட சாற்றுகவிகள் அநேகம். இன்று அரங்கேற்றம் மறைந்துவிட்டது; சாற்றுகவியோ வெளியீட்டு விழாச் சொற்பொழிவாக வேஷம் மாற்றிக்கொண்டு வாழ்கிறது. நூலின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஆசிரியரை வானளாவப் புகழ்கிறவர்களை நாம் மேடைகளில் காணாமலில்லை. இத்தகைய புகழ்ச்சி ஆசிரியருக்குத் தீங்கு, வாசகருக்கு ஏமாற்றம்.

புத்தகங்களுக்கு இன்று பஞ்சமில்லை. 1977 முதல் நடைபெற்று வரும் சென்னைப் புத்தகக் காட்சியில் பை பையாக வாங்கிச் செல்கிறவர்களைப் பார்க்கிறோம். வாங்கியவற்றின் பெயரைச் சொல்கிறவர்கள் பலர். படித்து என்ன தோன்றிற்று என்று சொல்கிறவர்கள் சிலர். 1948-ல், இந்திய மாகாணங்களில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்துக்கு உண்டு. வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தும் மக்கள், நூலகத்தைப் புத்தகம் எடுத்துச் செல்லும் கிடங்காக மட்டும் கருதலாகாது. மாதம் ஒரு மாலையாவது பத்துப் பேர் அங்கே கூடட்டும். ஒவ்வொருவரும் தாம் படித்து வரும் நூல் என்ன சொல்கிறது, எங்கே மனத்தைத் தொட்டது, எங்கே சலிப்புத் தட்டிற்று என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லட்டும். மாணவன் சொல்வதை ஆசிரியர் கேட்கட்டும். அடுப்படி வேலைக்கிடையே நாவல் படிக்கும் தாய்மார்களின் அபிப்பிராயத்தையும் சபை மதித்துக் கேட்கட்டும். மாறுபட்ட கருத்துடையவரை விரோதியாகப் பாவிக்கும் குணம் மட்டும் வேண்டாம்.

கேட்பவருக்குத் துணிவும் கேட்கப்பட்டவருக்குப் பணிவும் இருந்தமையால் தமிழ் தன் பழஞ்செல்வத்தை மீட்டுக்கொண்டது. அவ்விரு குணங்களும் இன்றைய வாசகர்களிடமும் வளர வேண்டுமென்பது நம் விருப்பம். அடுத்த முறை நண்பரைச் சந்திக்கும்போது, விலைவாசியைப் பற்றிப் பேசி முடித்த பிறகாவது, அவர் என்ன படிக்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் படிப்பதையும் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.