பறைக்கு ஒரு பாடவேளை

எட்டாம் வகுப்பு படித்தபோது ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் பாட்டு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வரவேற்புப் பாடலில் சேர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடினேன். "உங்க தாத்தாவை நாளைக்கு மோளத்தை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பெரியவங்க கார்ல வந்து இறங்குறப்ப அடிக்கணும்" என்றார்.

தாத்தா வந்தார். வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, கார் வந்ததும் அடித்தார். விருந்தினர் உள்ளே போனார்கள். உள்ளே சுருதிப் பெட்டி வைத்துக் கீர்த்தனை பாடினார்கள். தாத்தா விழா முடியும்வரை வாசலிலேயே நின்றார், போகும்போதும் அடிக்க வேண்டுமே. உள்ளே நடந்ததற்குப் பள்ளியில் இசை என்று பெயர். வெளியே நடந்ததற்கு அந்தப் பெயர் இல்லை.

இப்போது நிலைமை மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் தமிழர் இசைக்கருவிகளோடு பறையும் வருகிறது. பத்தாம் வகுப்பில் நிகழ்கலைப் பாடத்தில் தப்பாட்டம் வருகிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் பறையைப் பற்றிப் படிப்பது வேறு, பறையைப் படிப்பது வேறு. முதலாவதற்கு மதிப்பெண் உண்டு. இரண்டாவதற்குப் பாடவேளையே இல்லை.

2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல் போன்றவற்றோடு இசைக்கும் ஆள் வந்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கத்தில் 5,000 ரூபாய். அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் பாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார் என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.

மத்திய வாரியப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்பில் கர்நாடக இசையைப் பாடமாகவே எடுத்துத் தேர்வு எழுதலாம். அங்கே தாளக்கருவி என்றால் மிருதங்கம். அந்த மிருதங்கத்துக்குத் தோல் பார்த்து வாங்கி, பதப்படுத்தி, மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய நூலை வெளியிட 2020இல் கலாக்ஷேத்ரா தன் அரங்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேடையில் தோல் இருக்கலாம், தோலைத் தொட்ட கையைப் பற்றிப் பேசத்தான் கூடாது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் உண்டு. பறை அந்த வரிசையில் இடம்பெறாமலே வந்தது. அண்மையில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி என்று தனியே தொடங்கினார்கள். நாற்பது ஆண்டு பறையடித்தவரிடம் நலவாரிய அட்டை இருக்கும், பள்ளிக்குள் ஆசிரியராக நுழைய வேண்டிய சான்றிதழ் இருக்காது.

பாடமாக வைக்க இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிம்புக்குச்சி. இரண்டும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகியபிறகுதான் கைக்குக் குச்சி வரும். சாமிச்சாத்து அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று இடத்துக்கு ஒன்று. சாவுக்கு மட்டும் என்று யார் சொன்னது? தொல்காப்பியர் கருப்பொருள் வரிசையில் பறையை வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று முதுகலையில் மனப்பாடம் செய்து நான் தேர்வு எழுதினேன். எங்கள் வீட்டு இறவாணத்தில் தொங்கியதற்கும் அதற்கும் உறவு உண்டென்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

எங்கள் பக்கமே மறுப்பு உண்டு. "அந்தக் கருமத்தைத் தொடக்கூடாதுன்னுதானடா உன்னைப் படிக்க வச்சேன்" என்பார் அப்பா. அவர் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள், ஊரில் வேலை இழந்தவர்கள் எத்தனையோ பேர். கலைவிழா வந்ததும் "காலனிப் பசங்களைக் கூப்பிடு, அவங்களுக்குத்தான் வரும்" என்று ஓர் ஆசிரியர் சொல்கிறபோது, அப்பா பயந்தது நடக்கிறது. தாத்தா நின்ற அதே வாசல்தான் அது, இப்போது பேரப்பிள்ளைக்குச் சீருடை.

ஆகவே பறை வரட்டும், எல்லாருக்குமான பாடமாக வரட்டும். ஊர்ப்பிள்ளையும் காலனிப்பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்கட்டும். பிழையாக அடித்தால் மதிப்பெண் குறையட்டும். சொல்லித்தருபவர் கலைஞராகவே இருக்கட்டும். பட்டம் கேட்காமல் அனுபவம் பார்த்து, சம்பளத்தோடு, வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியராக அவரை எடுக்க வேண்டும். எங்கள் பெரியவர் ஒருவரை ஊர்ப்பிள்ளை "சார்" என்று கூப்பிட்டு ஐயம் கேட்கும் வகுப்பறையைத்தான் கேட்கிறேன். அப்படி ஒரு வகுப்பு என்றால் அப்பாவும் யோசிப்பார்.

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாக வைத்தோம். தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். "சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். மூன்று பேரின் பெயரைச் சொன்னோம். மூவருக்குமே அறுபதைத் தாண்டிவிட்டது.