துப்பாக்கிக்கு வெந்நீர்க் குளியல்!

சுட்ட அன்றே கழுவ வேண்டும். தவறினால் உப்பு அரித்துவிடும்

இரும்பில் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அரிவாளை மழையில் போட்டுவிட்டு வந்தால் அப்பா திட்டுவார். அரிவாள்மணையைக் கழுவினால், அம்மா உடனே துணியால் துடைத்துத்தான் வைப்பார்.

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், பிரண்ட்ஷிப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பழங்காலத் துப்பாக்கிகளால் குறி பார்த்துச் சுடும் போட்டிக்கு அந்த ஊர் பேர் போனது. 1933-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் அங்கே அந்தப் போட்டிகளை நடத்தி வருகிறது.

அந்தத் துப்பாக்கிகளால் சுடுகிறவர்களுக்கு, சுட்டு முடித்ததும் காத்திருக்கும் வேலை என்ன தெரியுமா? ஒரு வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு, துப்பாக்கிக் குழாயை உள்ளும் புறமும் கழுவுவதுதான்!

இரும்புக் குழாய்க்குள் தண்ணீரை விடலாமா? விடத்தான் வேண்டும். விடாவிட்டால்தான் துப்பாக்கி கெட்டுப் போகும். இது எப்படி?

வாய் வழியாக மருந்து

இந்தத் துப்பாக்கிகளில் தோட்டாவைப் பின்பக்கமாகப் போட முடியாது. குழாயின் வாய் வழியாக முதலில் மருந்தைக் கொட்டுவார்கள். பிறகு ஈயக் குண்டை, எண்ணெய்ப் பசையுள்ள துண்டுத் துணியில் வைத்து, நீண்ட கோலால் குத்தி அடிவரை இறக்குவார்கள்.

குழாயின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளைக்கு மேலே ஒரு குமிழ். குமிழின் தலையில் செம்பினால் ஆன சின்னக் கேப்பு. தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் கேப்பு போன்றதுதான் அது. குதிரை வந்து அடித்தால் கேப்பு பொறி தெறிக்கும். பொறி துளை வழியே உள்ளே போகும். மருந்து வெடிக்கும். குண்டு பறக்கும்.

ரைபிள் என்றால் குழாயின் உட்புறம் வழவழப்பாக இருக்காது. திருகாணியின் மரைபோல வளைந்து வளைந்து போகும் வரிகள் வெட்டியிருக்கும். அந்த வரிகள்தான் குண்டைப் பம்பரம்போலச் சுழற்றி விடுகின்றன. சுழலும் குண்டு நேராகப் போகும், குறி தவறாது. பதினெட்டாம் நூற்றாண்டில், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியத் தொழிலாளிகள் இப்படிப்பட்ட நீண்ட ரைபிள்களைச் செய்வதில் பெயர் பெற்றிருந்தார்கள்.

குறி தவறாமல் சுடுவது அந்த வரிகளால். அழுக்கு போய் ஒளிந்துகொள்வதும் அதே வரிகளில்தான்!

பாதிக்கு மேல் அழுக்கு

கோவில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது குப்பென்று வெண்புகை கிளம்புமே, அந்தக் கரிமருந்துதான் இந்தத் துப்பாக்கிகளுக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அதில் முக்கால் பங்கு வெடியுப்பு.

கரிமருந்து முழுவதும் எரிந்து புகையாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ நோபிள், பிரடெரிக் ஏபெல் என்ற இரு நிபுணர்கள் 1870-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 100 பங்கு மருந்து எரிந்தால் சுமார் 43 பங்குதான் வாயு ஆகிறது. சுமார் 56 பங்கு திடப் பொருளாகவே நிற்கிறது!

அதில் ஒரு பகுதி புகையோடு வெளியே போய்விடும். மீதி குழாயின் உள்சுவரில் கன்னங்கரேல் என்று அப்பிக்கொள்ளும். பார்வைக்குக் கரிபோல இருக்கும். ஆனால் அதில் பெரும் பகுதி கரி அல்ல, உப்பு!

அடுப்புச் சாம்பலில் ஓர் உப்பு இருக்கிறது. அதன் பெயர் பொட்டாசியம் கார்பனேட். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் உப்புகளில் அதுவும் ஒன்று. கந்தகத்தோடு சேர்ந்த உப்புகளும் உண்டு.

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால், உப்பு நீர்த்துப் போயிருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. துப்பாக்கிக் குழாயில் இருக்கும் உப்பும் அப்படித்தான். ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்புக்கு வேறு எமன் வேண்டுமா?

காற்றில் ஈரம் மிகுந்த ஊரில், ஒரே இரவு போதும். மறுநாள் குழாய்க்குள் செந்துரு பூத்துவிடும். அப்படியே விட்டால் சிறு சிறு குழிகள் விழும். குழி விழுந்த குழாயைப் பழையபடி ஆக்க முடியாது.

எண்ணெய் ஏன் உதவாது?

"துணியில் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. உப்பு எண்ணெயில் கரையாது. உப்பின் மேலே எண்ணெய் பூசினால், திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதைதான். மேலே பளபளவென்று இருக்கும். அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். ஆகவே முதலில் தண்ணீர், பிறகு துணி, கடைசியில் எண்ணெய். இந்த வரிசை மாறக்கூடாது.

அழுக்கும் 1857-ம்

இந்த அழுக்கு துருவோடு நிற்பதில்லை. சில தடவை சுட்டதும், குழாயின் உட்புறம் குறுகிவிடும். அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். போர்க்களத்தில் இது உயிருக்கே ஆபத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அப்போது வட மாநிலப் படைகளுக்கு ஒரு தனி வகைக் குண்டு கொடுத்தார்கள். அதன் அடியில் துத்தநாக வில்லை ஒன்று இருக்கும். சுடும்போது வில்லை விரிந்து, குழாயில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டிக்கொண்டு போகும்.

ஆங்கிலேயர் வேறு வழி செய்தார்கள். அவர்களுடைய என்பீல்டு ரைபிளின் தோட்டா காகிதத்தில் சுற்றியது. குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கவும், அழுக்கு இறுகாமல் இருக்கவும், அதன்மேல் கொழுப்பைப் பூசினார்கள். காகிதத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்துத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும்.

அந்தக் கொழுப்பு பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு இந்தியச் சிப்பாய்களிடையே பரவியது. இந்துக்களும் முஸ்லிம்களும் கொதித்தார்கள். 1857-ம் ஆண்டு ஏப்ரலில் மீரட் நகரில் 85 குதிரை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு விலங்கு மாட்டிச் சிறையில் தள்ளினார்கள். மே மாதம் 10-ந் தேதி மீரட்டில் புரட்சி வெடித்தது.

புரட்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் பொறி விழுந்த இடம் அந்தத் தோட்டாதான். தோட்டாவில் கொழுப்பு வந்தது, குழாயில் சேரும் இந்த அழுக்கால்தான்!

முதலில் காலியா என்று பார்!

கழுவுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே மருந்தும் குண்டும் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. குழாய் காலியாக இருக்கும்போது கோலை அடிவரை விட்டு, வாயருகே கோலில் ஓர் அடையாளக் கோடு போட்டு வைப்பார்கள். பிறகு எப்போது கோலை விட்டாலும், கோடு குழாய் வாய்க்குச் சரியாக வர வேண்டும். கோடு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். பரணிலோ சுவரிலோ பல ஆண்டு கிடந்த துப்பாக்கியில்கூட மருந்து உயிரோடு இருக்கும். காய்ந்த மருந்துக்கு வயது கிடையாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருமுறை சுட்ட பிறகு, குழாயின் அடியில் அழுக்கோடு அழுக்காக ஒரு பொறி கனன்றுகொண்டிருக்கலாம். அதன்மேல் புது மருந்தைக் கொட்டினால் என்ன ஆகும்? கையும் முகமும் கருகும். அதனால், விவரம் தெரிந்தவர்கள் மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழாயில் கொட்டுவதே இல்லை. சிறு அளவையில் எடுத்துத்தான் கொட்டுவார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும், ஈரத் துணியைக் கோலில் செருகிக் குழாயைத் துடைப்பவர்களும் உண்டு. அழுக்கும் போகும், பொறியும் அணையும்.

குளிப்பாட்டும் முறை

சுட்ட சூடு ஆறியதும் வேலை தொடங்குகிறது. மருந்து டப்பாவைத் தூரத்தில் வைத்துவிடுவார்கள்.

குழாயை மரக்கட்டையிலிருந்து தனியே எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பட்டால் மரம் ஊறிவிடும். கேப்பு வைக்கும் குமிழையும் கழற்றுவார்கள்.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் சிறிது சோப்பு. குழாயின் அடிப்பக்கத்தை வாளிக்குள் நிறுத்துவார்கள். கோலின் நுனியில் துணியைச் சுற்றி, வாய் வழியாக உள்ளே விட்டு மேலும் கீழும் இழுப்பார்கள். பீச்சாங்குழல்போல, தண்ணீர் சிறு துளை வழியே உள்ளே ஏறும், இறங்கும். வாளித் தண்ணீர் மை போல் ஆகிவிடும். அழுகிய முட்டை நாற்றமும் வரும். கந்தக உப்பு தண்ணீரில் கரைவதன் அடையாளம் அது.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை. கடைசியாகச் சூடான நல்ல தண்ணீரை விட்டு அலசுவார்கள். இரும்பு சூடேறுவதால் ஈரம் சீக்கிரம் உலரும். ஆனால் தளதளவென்று கொதிக்கும் நீரை விட்டால், உலரும்போதே மெல்லிய துரு பூப்பதுண்டு. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரோடு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், உடனே துடைப்பதுதான் முக்கியம்.

உலர்ந்த துணியை ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். துணி வெள்ளையாக, ஈரமில்லாமல் வெளியே வரும்வரை விட வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெய். குமிழின் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வார்கள். அது அடைத்திருந்தால் கேப்பு வெடிக்கும், மருந்து வெடிக்காது!

மறுநாள் சோதனை

வேலை அன்றோடு முடியவில்லை. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. செம்மண் நிறம் தெரிந்தால், எங்கோ உப்பு மிச்சம் இருக்கிறது. மறுபடியும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்த முறை சுடுவதற்கு முன், உள்ளே பூசிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தேங்கியிருந்தால் மருந்து நனைந்துவிடும்.

புது மருந்து, பழைய உப்பு

1884-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு ரசாயன நிபுணர் பால் வியெய் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். அதில் அழுக்கு மிகக் குறைவு. கொஞ்ச காலத்தில் எல்லா நாட்டுப் படைகளும் புது மருந்துக்கு மாறின. ஆனால் அதைப் பழைய துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. அதன் வேகம் அதிகம். குழாய் வெடித்துச் சிதறிவிடும்.

புது மருந்து வந்தும் வெந்நீர் ஓய்வு பெறவில்லை! இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்தார்களே, 303 ரைபிள், அதன் கேப்பில் ஓர் உப்பு இருந்தது. சுட்டால் அது சமையல் உப்பைப் போன்ற இன்னோர் உப்பாக மாறிக் குழாயில் படியும். அதனால் அந்த ரைபிளுக்கென்றே படையில் ஒரு புனல் கொடுத்தார்கள். புனலை வைத்து வெந்நீரை ஊற்றிக் கழுவிய பிறகுதான், கயிற்றில் துணியைக் கோத்து இழுத்து எண்ணெய் போடுவார்கள்.

சுடுவது ஒரு நொடி வேலை. கழுவுவது அரை மணி நேர வேலை. களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று துப்பாக்கியைச் சுவரில் மாட்டியவன் தூங்கிவிடுவான். உப்பு தூங்காது!